ஹேமர்லிக்கு ஏன் நாலாம் இடம்

டுவைட் ஹெக்லண்ட் எதையும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் நம்பமாட்டார். தொழில் அப்படி. இருபத்திரண்டு வருடமாக விஸ்கான்சின் மாநில அரசின் பால் ஆய்வாளர். அவருடைய வண்டி பண்ணைக்குள் நுழைந்தால் நாய்கூடக் கொஞ்சம் அடக்கமாகக் குரைக்கும் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். பண்ணைக்காரர் யாராவது சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொல்லிவிட்டால் போதும், இன்றைக்கு இவனுக்கு என்ன இத்தனை மரியாதை என்று முதலில் பால் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஏப்ரல் பிறந்ததும் ஒரு பட்டியல் ஏறியது. ஒட்டியவள் மகள் சிக்ரிட். பள்ளியின் கடைசி வருடம். ஆராய்ச்சியாளர் ஆவது என்று பதினாலு வயதிலேயே முடிவு செய்துவிட்ட பெண். நான்கு சின்னக் கல்லூரிகள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. மே ஒன்றாம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்து பதில் போட வேண்டும்.

முதலிடம் ஆஷ்போர்ன். இரண்டு டெல்வுட். மூன்று கிரான்பி. நாலாவது, கடைசி, ஹேமர்லி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். படித்து முடித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பிஎச்.டி. வரை போனார்கள், பேராசிரியர் எழுதிய கட்டுரைகளில் மாணவர் பெயரும் எத்தனை முறை சேர்ந்து வந்திருக்கிறது, நல்ல கருவி ஒன்றைத் தொட எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், கோடை விடுமுறையில் ஆராய்ச்சி வேலை உண்டா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று ஐந்து கேள்வி.

"ஆர்ட்ஸ் காலேஜ்னு பேர வெச்சுக்கிட்டு சயின்ஸ் சொல்லித் தர்றாங்களாம்," என்றார் டுவைட், காபிக் கோப்பையோடு பட்டியல் முன்னால் நின்று. "மாடிசன்ல அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டி இருக்கு. அதுக்கு என்ன கேடு?"

"அங்க நல்ல மெஷினெல்லாம் பிஎச்.டி. பண்றவங்க கையில இருக்கும்ப்பா. நான் நாலு வருஷமும் அவங்க முதுகத்தான் பாக்கணும். இந்த மாதிரி சின்ன காலேஜ்ல பிஎச்.டி.யே கிடையாது. அதனால முதல் வருஷப் பிள்ளைங்களுக்கும் முறை வரும்."

"வரும்னு யாரு சொன்னா?"

"அவங்க புத்தகத்துல போட்டிருக்கு."

"போடுவாங்க. வழவழன்னு தாள், மரத்தடியில சிரிக்கிற பிள்ளைங்க. இதே மாதிரி புல்வெளிய போட்டுத்தான் நம்ம ஊர்லயும் பால் விக்கிறான். அந்த மாடு ஜென்மத்துல புல்வெளிய பாத்திருக்காது."

அடுப்படியிலிருந்து லோர்னா சிரித்தாள். முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலை பார்ப்பவள். மனிதர்கள் சொல்வதைப் பாதியாவது நம்பும் பழக்கம் அவளுக்கு இருந்தது. "டுவைட், நீ கல்யாணத்தன்னிக்கு பாதிரியார்கிட்டயே அடையாள அட்டை கேட்ட ஆளு. அவள விடு."

டுவைட் விடவில்லை. பட்டியலில் அவரை உறுத்திய விஷயம் வேறு. ஐந்து கட்டத்துக்கும் மதிப்பெண் போட்ட பெண் கூட்டுத்தொகையை மட்டும் எழுதவில்லை. எழுதாத இடத்தில்தான் ஏதோ இருக்கும் என்பது அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம். ஆனால் மகள் விஷயம் என்பதால் அப்போதைக்குக் காபியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

முதல் சனிக்கிழமை ஆஷ்போர்னுக்குப் போனார்கள். மூன்றரை மணி நேர ஓட்டம். சுற்றிக் காட்டிய பையன் பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசினான். விழாமல் நடக்கிறானே, இதற்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் என்று டுவைட் நினைத்துக்கொண்டார். கண்ணாடிச் சுவர் போட்ட அறையில், மேசை அகலத்துக்கு ஒரு நுண்ணோக்கி. முதல் வாரத்திலிருந்தே புது மாணவர்கள் இதில் வேலை செய்யலாம் என்றான் பையன். மற்ற பெற்றோர்கள் கருவியைப் படம் எடுத்தார்கள். டுவைட் அதன் பக்கத்தில் சங்கிலியில் தொங்கிய பதிவேட்டைத் திறந்தார். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உபயோகித்தார்கள் என்று எழுதும் நோட்டு.

நாலு பக்கம் புரட்டினார். மூடினார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பண்ணைக்காரர்கள் தொட்டியை மறுபடி கழுவப் போவார்கள்.

திரும்பும் வழியில் மகளுக்கு விளக்கினார். மகளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்கும் சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்து வருடக்கணக்கில் ஆகிவிட்டது. அவள் படிப்பு அவருக்குப் புரியாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால் கொஞ்சம் நீட்டி முழக்கியே சொன்னார்.

"பால் தொட்டி எத்தன டிகிரி ஃபாரன்ஹீட்ல இருக்குன்னு காலையும் சாயங்காலமும் எழுதணும். தாள் செவுத்துல தொங்கும். சோம்பேறி என்ன பண்ணுவான்? நான் வர்றதுக்கு முதல் நாள் உக்காந்து ஒரு மாசத்துக்கும் ஒரேயடியா எழுதுவான். அத கண்டுபிடிக்க மூணு அடையாளம் இருக்கு. ஒண்ணு, பேனா. நெசமா எழுதினதுன்னா நாலு பேனா இருக்கும், நடுவுல ஒரு பென்சில் வரும். ரெண்டு, கை. வேலை நடுவுல எழுதறவன் கை ஈரமா இருக்கும், கட்டவிரல் ரேகை விழும். பொய்த் தாள் சுத்தமா இருக்கும். மூணாவதுதான் முக்கியம். எண்ணு. பொய் எழுதறவன் ஒரே எண்ண ரெண்டு நாள் தொடர்ந்து எழுதப் பயப்படுவான். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தாறுன்னு மாத்தி மாத்திப் போடுவான். நெசம் அப்படி இல்ல. நெசத்துக்கு வெக்கமே கிடையாது. நாலு நாளு முப்பத்தேழு, முப்பத்தேழுன்னே நிக்கும். ஒரு நாள் எழுதவே மறந்திருக்கும்."

"ஆஷ்போர்ன்ல?"

"ஒரே பேனா, ஒரு கறை இல்ல, ஒரு நாள் விடுபடல. இலையுதிர் விடுமுறையில காலேஜே பூட்டிக் கிடந்த நாலு நாளும் யாரோ ஒழுங்கா வந்து நுண்ணோக்கி பாத்திருக்காங்க. அந்த மெஷின எவனும் தொடல, சிக்ரிட். பூட்டி வெச்சிருக்காங்க."

சிக்ரிட் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஒரு நோட்ட வெச்சு ஒரு காலேஜையே தள்ளிடுவியாப்பா?"

"ஒரு பண்ணப் பால்ல மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து கலந்திருந்தா டேங்கர் முழுக்கக் கொட்டறோமா இல்லையா? பதினஞ்சு பண்ணக்காரன் பால் அதுல நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் கொட்டணும்."

வீடு வந்ததும் அவள் நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலிடம் போன வருத்தம் என்று டுவைட் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தேவாலயத்திலிருந்து வந்ததும் பென்சிலை எடுத்து ஆஷ்போர்னை அடித்தார். அடித்த கையோடு மீதி மூன்றையும் கூட்டிப் பார்த்தார். டெல்வுட் முப்பத்தொன்று. கிரான்பி இருபத்தெட்டு. ஹேமர்லி நாற்பத்திமூன்று. இரண்டாம் முறை கூட்டினார். நாற்பத்திமூன்றுதான். அடித்துப்போட்ட ஆஷ்போர்னே முப்பத்தொன்பதுதான் வந்தது. சிக்ரிட் தன் கையால் போட்ட மதிப்பெண்படி முதலில் நிற்க வேண்டிய கல்லூரியைத் தன் கையாலேயே கடைசியில் வைத்திருக்கிறாள்.

"ஹேமர்லிக்கு ஏன் நாலாம் இடம்?"

"ஊர் பிடிக்கல," என்றாள் சிக்ரிட்.

"நீ அந்த ஊர பாத்ததே இல்லையே."

"படத்துல பாத்தேன்."

காதல் விவகாரமாக இருக்குமோ, டெல்வுட்டுக்கு எவனாவது போகிறானோ என்று டுவைட் இரண்டு நாள் குழம்பினார். லோர்னாவிடம் கேட்டார். "அவளுக்கு நேரம் எங்க இருக்கு? ரெண்டு வருஷம் சனிக்கிழமையெல்லாம் அந்த ஓடையில நின்னவ," என்றாள் லோர்னா.

அந்த ஓடைதான் சிக்ரிட்டுக்கு எல்லாம் கொடுத்தது. வீட்டிலிருந்து எட்டு மைல். ஊற்றுத் தண்ணீர் என்பதால் பனிக்காலத்திலும் உறையாது. நூற்றி நாலு வாரம், சனிக்கிழமைதோறும், ஒரே இருபது கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்களை எண்ணினாள். பண்ணைச் சாணம் தண்ணீரில் இறங்கும் மாதங்களில் அவை எப்படிக் குறைகின்றன என்று கோடு போட்டுக் காட்டினாள். மாநிலப் போட்டியில் முதல் பரிசு. நான்கு கல்லூரிகளும் அனுமதிக் கடிதத்தில் அந்த ஓடையைப் புகழ்ந்திருந்தன. பரிசு வாங்கிய அட்டையின் முன்னால் அவள் நிற்கும் படம் டுவைட்டின் அலுவலக மேசையில் இருந்தது. அட்டையில் வாரத்துக்கு ஒன்றாக நூற்றி நாலு புள்ளி, ஒரு இடத்திலும் அறாத கோடு.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை சிக்ரிட் தானாகவே வந்து சொன்னாள். "ஹேமர்லிக்குப் போய்ப் பாக்கலாம்ப்பா. இந்த சனிக்கிழமையே போகலாம்."

இத்தனை நாள் பிடிக்காத ஊர் பத்து நாளில் எப்படிப் பிடித்தது? டுவைட்டுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் வந்தது. ஆனால் கேட்டால் போகாமல் விட்டுவிடுவாளோ என்று பயம். வாயை மூடிக்கொண்டு வண்டிக்கு எண்ணெய் மாற்றினார்.

ஹேமர்லியில் பின்பக்கமாக நடப்பவர் யாரும் இல்லை. அறிவியல் கட்டடத்தின் கூரை ஒழுகி, நடைபாதையில் ஒரு வாளி இருந்தது. நுண்ணோக்கி பழசு. அதன் பதிவேட்டைத் திறந்த டுவைட்டுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆறு பேனா. காபி வட்டம். 'விளக்கு மறுபடி போச்சு, கடைசியா தொட்டது யாரு' என்று ஒரு திட்டு. அதற்குக் கீழே 'நான் இல்ல' என்று மூன்று கையெழுத்தில் மூன்று பதில். இங்கே பிள்ளைகள் நிஜமாக வேலை செய்கிறார்கள். இதற்கு மேல் ஒரு அப்பனுக்கு என்ன வேண்டும்?

பேராசிரியர் பெல்டன் ரப்பர் பூட்ஸோடு வந்தார். அறுபது வயதுப் பெண்மணி, கைகுலுக்கும் முன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். "கடிதத்துல கேட்டிருந்தேனே, கொண்டு வந்தியா? அழகா டைப் பண்ணது வேண்டாம். தண்ணில நனைஞ்சத குடு."

கடிதத்தில் அப்படிக் கேட்டிருந்தார்கள் என்பது டுவைட்டுக்கு அப்போதுதான் தெரியும்.

சிக்ரிட் பையிலிருந்து வளையம் போட்ட நோட்டை எடுத்து நீட்டினாள். பெல்டன் அவசரமில்லாமல் புரட்டினார். சில பக்கங்களை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். டுவைட்டும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மண் கறை, பென்சில், கட்டைவிரல் ரேகை. என் மகளல்லவா என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"இது ஓடையில நின்ன நோட்டுதான்," என்றார் பெல்டன். "ஓரத்துல எழுதியிருக்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இங்க பாருங்க, பிப்ரவரி பதினெட்டு. 'பயங்கரக் குளிர். விரல் மரத்துப் போச்சு. அப்பா வண்டியிலேயே இருந்தார், ரேடியோவில் ஹாக்கி.'" நிமிர்ந்து டுவைட்டைப் பார்த்துச் சிரித்தார். "அந்த அப்பா நீங்கதானா?"

இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பிப்ரவரி பதினேழாம் தேதி ஒரு பண்ணையின் பனிப்படியில் சறுக்கி விழுந்த டுவைட்டுக்கு இடுப்பெலும்பில் இரும்பு வைத்துத் தைத்தார்கள். பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அதன்பின் பதினொரு வாரம் அவர் வண்டியே ஓட்டவில்லை. லோர்னாவுக்கு வார இறுதியில் வேலை. சிக்ரிட்டுக்கு வயது பதினைந்து, ஓட்ட உரிமம் கிடையாது. அந்தப் பதினொரு சனிக்கிழமையும் ஓடைப் பக்கம் போக வழியே இல்லை.

ஆனால் கோடு அறவில்லை. அறாத கோட்டின் முன்னால் நின்று அவரே படம் எடுத்தார். ஊரார் தொட்டியையெல்லாம் முகர்ந்து பார்த்த மூக்கு வீட்டில் எங்கே போயிற்று?

நோட்டைப் பார்த்தார். பிப்ரவரி பதினெட்டு பேனா. இருபத்தைந்து பென்சில். மார்ச்சில் இரண்டு வாரம் அடுத்தடுத்து ஒரே எண், நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. மூலையில் விரல் ரேகை. ஏப்ரலில் தண்ணீரின் வெப்பம் எழுதும் கட்டம் ஒன்று காலி. நிஜத்தின் மூன்று அடையாளமும் இருந்தன, காரில் அவர் சொல்லிக் கொடுத்தபடியே.

பெல்டன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பதில் வர வேண்டும். சிக்ரிட் அப்பாவைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தாள்.

"ஆமா," என்றார் டுவைட். "நான்தான்."

"அவ்வளவு குளிரா?"

"சொல்லி மாளாது."

கோடையில் தன் ஆய்வகத்தில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, கல்லூரி திறக்கும் முன்பே ஜூனில் வந்துவிடலாம், அது சிக்ரிட்டுக்குத்தான் என்றார் பெல்டன். இன்னொரு முறை கைகுலுக்கினார்கள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சிக்ரிட் பெருமூச்சு விட்டாள். "இனிமே ஹேமர்லிதான் முதல். சரியாப்பா?"

டுவைட் சாவியைத் திருகவில்லை. "பிப்ரவரி பதினெட்டு நான் எங்கம்மா இருந்தேன்?"

அவள் யோசித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு சீஸ் வாங்கிட்டு வந்த. பழுப்புப் பொட்டலம். ஆபரேஷன் ஆனவருக்கு இதெல்லாமான்னு நர்ஸ் உன்னத் திட்டினாங்க," என்றார் டுவைட்.

அவள் முகம் வெளுத்தது. பொய்க்கு உயிர் கொடுக்கப் போன பெண், அந்தப் பொய்யே எதனால் வந்தது என்பதை மறந்திருந்தாள்.

"இடைவெளி இருந்தா போட்டியில பரிசு வராதுன்னு நெனச்சேன்," என்றாள் கடைசியில். "முதல்ல ஒரே நாள்ல உக்காந்து எழுதினது. மத்த மூணு காலேஜும் நோட்ட கேக்கல. இவங்க மட்டும் கேட்டாங்க. அதான் நாலாவது போட்டேன். அப்புறம் நீ கார்ல சொன்ன. வந்து எடுத்துப் பாத்தா பொய்த் தாளோட மூணு அடையாளமும் இருக்கு. அந்தப் பக்கத்த எல்லாம் கழட்டிட்டு மறுபடி எழுதினேன்."

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அவரையே ஏமாற்றியிருக்கும். கோபப்பட வேண்டும் என்று பார்த்தார். கோபம் பாதி தூரம் வந்து, 'சொல்லி மாளாது' என்று தன் வாயே சொன்னது நினைவுக்கு வந்து, திரும்பிப் போனது.

"பதினோரு வாரம்தான்ப்பா. தொண்ணூத்தி மூணு வாரம் நெசமாத்தான் போனேன்."

"தெரியும். வண்டி ஓட்டினது நான்தானே."

"அதுவும் போயிடுமா? டேங்கர் மாதிரி?" அழ ஆரம்பித்தாள். "நான் இனிமே சயின்ஸே பண்ண முடியாதாப்பா?"

டுவைட்டுக்கு அவளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் நாலு வருடம் இங்கே படிப்பாள், ஒழுகும் கூரைக்குக் கீழே, நிஜமான பிள்ளைகளோடு, அந்தப் பதினொரு பக்கத்தை எங்கேயாவது ஒளித்து வைத்துக்கொண்டு. பிறகு எந்த எண்ணை எழுதினாலும் அவளுக்கே அதில் நம்பிக்கை வராது.

"எனக்குத் தெரியலம்மா. நான் பால்காரன். அத சொல்ல வேண்டியவங்க உள்ள இருக்காங்க. போய்க் கேளு." கையை நீட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "நான் வண்டியிலேயே இருக்கேன்."

அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். டுவைட் ரேடியோவைத் திருப்பினார், ஹாக்கி வந்தது, அணைத்துவிட்டார். நாற்பது நிமிடம் கட்டடத்தின் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது அவள் கையில் நோட்டு இல்லை. கண் சிவந்திருந்தது. வண்டியில் ஏறாமல் அவருடைய ஜன்னல் ஓரம் நின்றாள்.

"கோடை இடம் போச்சு. போட்டி நடத்தினவங்களுக்கும் நாலு காலேஜுக்கும் நானே எழுதணுமாம், மே ஒண்ணுக்குள்ள. என்னை எந்த இடத்துல வெக்கறதுன்னு இனிமே அவங்கதான் முடிவு பண்ணுவாங்க."

"அந்தத் தொண்ணூத்தி மூணு?"

"நோட்ட வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு பக்கமா பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம். அதுவர எதையும் நம்ப மாட்டேன்னு சொன்னாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். இன்னும் ஏறவில்லை.

"என்னம்மா?"

"பதினெட்டாந்தேதி குளிர் சொல்லி மாளாதுன்னு ஒருத்தர் சொன்னாரே, அவரையும் வரச் சொன்னாங்க."

டுவைட் தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். இரும்பு வைத்த இடுப்பு கொஞ்சம் வலித்தது. வாளியைத் தாண்டி அறைவரை நடக்கிற தூரத்தில் சொல்லிக்கொள்ள நாலைந்து சாக்குகள் மனதில் வந்தன. எல்லாமே அவர் பண்ணைகளில் ஏற்கெனவே கேட்டு, ஒன்றைக்கூட ஏற்காமல் விட்டவை.